நீத்துப்பூசணி வழக்கு

அந்த மாதங்களில் நான் நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஆங்கிலச் சந்தை நகரத்தில்தான் குடியிருந்தேன். தேநீருக்கும் ரோல்ஸுக்கும் மட்டும் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பேலுக்கு வந்து போவேன்.

ஓய்வு பெற்றதும் எதிலாவது மனதைச் செலுத்துங்கள் என்று என் மருத்துவர் சொன்னார். அவர் நீச்சலை நினைத்திருப்பார். நான் நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை இரவல் எடுத்து வந்தேன். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சின்னஞ்சிறு சந்தை நகரம் ஒன்றில் விசாரிக்கப்பட்ட சில்லறைக் குற்றங்களின் பதிவுகள். வீட்டு வாசலில் சாணத்தைக் குவித்தவன், பன்றியைத் தெருவில் அலையவிட்டவள், அளவு குறைத்து பியர் ஊற்றியவள், பக்கத்து வீட்டுக் கூரைக்கடியில் நின்று ஒட்டுக்கேட்டவன், சந்தை நாளில் வாய்க்கு வந்தபடி திட்டியவள். கொலை கிடையாது, கொள்ளை கிடையாது, வெறும் அக்கம்பக்கம். ஒரு பக்கம் படித்தால் அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் இருக்க முடியவில்லை.

பாரிஸ் புறநகர் நீதிமன்றம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுத்தராக இருந்தவள் நான். பாண்டிச்சேரியில் பிறந்து, பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பிரெஞ்சுக் குடிமகளாகவே இங்கே வந்து சேர்ந்தேன். நீதிபதிகள் வந்தார்கள், பதவி உயர்ந்து போனார்கள். எந்தத் தாளை எந்தக் கெடுவுக்குள் எந்த ஜன்னலில் கொடுக்க வேண்டும் என்பது எழுத்தருக்குத்தான் தெரியும். சட்டம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜன்னல் தெரிந்தவர்கள் குறைவு.

அந்த ஆங்கில நகரத்தில் நடைமுறை மிக எளிமை. அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் பத்துப் பன்னிரண்டு பேரைச் சத்தியம் வாங்கி உட்கார வைப்பார்கள். யார் என்ன செய்தார்கள் என்று அவர்களே சொல்ல வேண்டும். மறைத்தால் அவர்களுக்கே தண்டனை. தெருவில் அலைந்த பன்றி யாருடையது என்று விசாரணை நடந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. எல்லோருக்கும் எல்லாப் பன்றிகளையும் தெரியும்.

ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல் முனையில், மூன்று தெருக்கள் சேரும் மூலையில், நான் தினமும் தேநீர் குடிக்கும் கடை இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி தனியாக நடத்துகிறாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். விடியற்காலை புறநகர் வில்லியே லே பெல்லிலிருந்து ரயில் பிடித்து வந்து, ஏழு மணிக்குள் வடையும் ரோல்ஸும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிவிடுவாள். அவளும் அவள் கடைக்கு வருபவர்களும் என்னை ‘பாண்டிச்சேரி அன்ரி’ என்பார்கள். எனக்கு முன்னால் பேச்சைக் கொஞ்சம் திருத்திக்கொள்வார்கள். தேவையே இல்லை. என் தமிழில்தான் பிரெஞ்சு அதிகம்.

ஒரு திங்கட்கிழமை காலை நான் உள்ளே நுழைந்ததும் அவள் எண்ணெய்ச் சட்டியை அணைத்துவிட்டு, மேசைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“அன்ரி, நீங்கள் கோர்ட்டிலை வேலை செய்தனீங்கள்தானே? உதை ஒருக்காப் பாருங்கோ.”

பொதுவழியில் குப்பை போட்டதற்கான அபராத அறிவிப்பு.

“என்னத்தைப் போட்டீங்க?”

“நான் ஒண்டும் போடேல்லை. கூட்டினனான்.”

நடந்தது இதுதான். அவள் கடைக்கு அடுத்த கதவில் கைப்பேசி விற்கும் கடை ஒன்று புதிதாகத் திறந்தது. திறந்தவர் அவளுடைய ஊர்க்காரர். கண்ணூறு, அதாவது திருஷ்டி, கழிக்க நீத்துப்பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். மூன்று தெரு சேரும் இடம் என்றால் நல்லது. அந்த இடம் சரியாக அவள் கடைவாசல். பூசணிக்குள் குங்குமத்தைக் கொட்டி, ஓங்கி அடித்து, கைதட்டிவிட்டு எல்லோரும் பொங்கல் சாப்பிட உள்ளே போய்விட்டார்கள். வெளியே நடைபாதையில் சிவப்புச் சாறு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கிழவி அதைப் பார்த்து இரத்தம் என்று அலறியிருக்கிறாள். இன்னொருவர் சறுக்கி, விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துத் தப்பியிருக்கிறார். இவள் தும்புத்தடியை, அதாவது நீளக் கைப்பிடித் துடைப்பத்தை, எடுத்துக்கொண்டு வெளியே வந்து, துண்டுகளை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தபோது காவலர் வந்தார். தெருவில் பூசணி; பூசணிக்குப் பக்கத்தில் ஒரு பெண்; பெண்ணின் கையில் தும்புத்தடி. சுத்தம் செய்த குற்றத்துக்காக ஒருத்தியின் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வாசலில் சாணம் குவித்தவன்! என் ஆங்கில நகரம் ரயிலேறி லா ஷப்பேலுக்கே வந்துவிட்டது.

அப்போது கைப்பேசிக் கடைக்காரரே உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயது, புதுச் சட்டை, முகத்தில் சங்கடம்.

“அக்கா, அந்த அமாந்தை நான் கட்டுறன். இண்டைக்கே போனிலை கட்டிப்போடலாம். விடுங்கோ அக்கா.”

அமாந்து என்றால் அபராதம். பாரிஸில் இருக்கும் எந்தத் தமிழருக்கும் மொழிபெயர்க்கத் தேவையில்லாத சொல்.

“கட்டக் கூடாது!” என்று நான் கத்தினேன். கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் வடை தின்றுகொண்டிருந்தவருக்குப் புரையேறியது. உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்பவர், இரண்டு ஷிஃப்டுக்கு இடையில் தினமும் வருவார். அவரை எல்லோரும் அண்ணை என்பார்கள், நான் உட்பட.

“கட்டினா குற்றத்தை ஒத்துக்கிட்டதா அர்த்தம்,” என்றேன். “கட்டின பிறகு எந்த ஜன்னலும் திறக்காது. நாற்பத்தைஞ்சு நாளுக்குள்ள, கட்டாம, மூல அறிவிப்போட பதிவுத் தபால்ல ஆட்சேபணை அனுப்பணும்.”

“அன்ரிக்கு இப்பதான் கண்ணிலை வெளிச்சம் வந்திருக்கு,” என்றார் அண்ணை. “இவ்வளவு நாளும் செத்த வீட்டுக்கு வந்த ஆள் மாதிரித்தான் தேத்தண்ணி குடிச்சவ.”

அவள் சிரிக்கவில்லை. கடைக்காரர் போகும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“என்ரை நசியோனாலித்தே பைல் பிரெஃபெக்சூரிலை கிடக்கு அன்ரி. ரெண்டு வருசமாப் போச்சு. இன்ரவியூவுக்கு எப்பவும் கூப்பிடுவினம். உதாலை அது பிழைச்சு இல்லாமல் போகுமோ?”

நசியோனாலித்தே என்றால் குடியுரிமை, பிரெஃபெக்சூர் அந்த விண்ணப்பங்களைப் பார்க்கும் அரசு அலுவலகம். இந்த மாதிரி அபராதம் பெரிய குற்றப்பதிவேட்டில் ஏறாது என்று எனக்குத் தெரியும். குடியுரிமை கொடுக்கும் அதிகாரிக்கு ‘நடத்தை’ என்ற தலைப்பின் கீழ் எதையும் புரட்டிப் பார்க்க உரிமை உண்டு என்பதும் தெரியும். ஒரு நல்ல நாளில் அவர் இதைப் பார்த்துச் சிரிப்பார். காலையில் மனைவியோடு சண்டை போட்டு வந்த நாளில் சிரிக்க மாட்டார். அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

“அப்ப எனக்கு அந்தக் குற்றம் இருக்கக் கூடாது,” என்றாள். “நான் செய்யேல்லை.”

“சுலபமான வழி ஒண்ணு இருக்கு. உடைச்சது யாருன்னு எழுதிடலாம்.”

“இல்லை.”

“ஏன்?”

“காட்டிக் குடுக்கச் சொல்லுறியளோ? ஒரு பூசணிக்காய்க்கோ?”

அவர்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை என்று நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. என் ஆங்கில நகரத்தில் காட்டிக் கொடுக்காமல் இருப்பதுதான் குற்றம். பன்னிரண்டு அயலார் சத்தியம் செய்து அதைத்தான் செய்தார்கள். இந்தத் தெருவில் பன்னிரண்டு பேரை உட்கார வைத்தால் பூசணி வானத்திலிருந்து விழுந்தது என்றுதான் தீர்ப்பு வரும்.

சரி, பெயர் சொல்லாமலே ஜெயிக்க வேண்டும். நான் வீட்டுக்கு நடக்கவில்லை, ஏறக்குறைய ஓடினேன். அன்று மாலைக்குள் ஆட்சேபணைக் கடிதம் தயார். ஒரு பக்கம், ஆறு வாக்கியம், ஒரு பெயரடைகூடக் கிடையாது. மறுநாள் தபால் நிலையத்தில் பதிவுச் சீட்டை அவள் கையில் கொடுத்தபோது, “இதைத் தொலைச்சீங்கன்னா நான் உங்க கடைக்கே வர மாட்டேன்,” என்று மிரட்டினேன்.

சில மாதங்களில் நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. கோப்பைப் பார்வையிட எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியுமே. இருவரும் போனோம். காவலர் எழுதிய அறிக்கையின் நகலை வாங்கி, வாசல் படியிலேயே நின்று படித்தேன். படித்ததும் என் உற்சாகம் வடிந்துவிட்டது.

அந்தக் காவலர் ஒழுங்கான மனிதர். கேள்வியையும் பதிலையும் வார்த்தை மாறாமல் எழுதியிருந்தார். நாங்கள் அந்தப் பெண்ணிடம் கேட்டோம்: “இது உங்களுடையது இல்லையா?” அவள் சொன்னாள்: “வுய்.” ஆகவே, குற்றத்தை ஒப்புக்கொண்டாள்.

வுய் என்றால் பிரெஞ்சில் ‘ஆமாம்’.

“ஏம்மா, ஒத்துக்கிட்டீங்களா?” என்றேன்.

“நான் ஒண்டும் ஒத்துக்கொள்ளேல்லை.”

“வுய் சொன்னீங்களா, சொல்லலையா?”

“சொன்னனான்தான். ஆனா ஒத்துக்கொள்ளேல்லை.”

முப்பது ஆண்டுகளில் இந்த வாக்கியத்தை நான் பல மொழிகளில் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் அநேகமாக எல்லோரும் பொய் சொன்னவர்கள். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தேன், பன்றிகள் சுவைக்கவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போலக் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டியில் வடை மட்டும் இருந்தது.

“இன்னிக்கு ரோல்ஸ் இல்லையா?”

“ஓம்,” என்றாள்.

சரி, வரும் என்று உட்கார்ந்தேன். தேநீர் வந்தது. குடித்தேன். ரோல்ஸ் வரவில்லை. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “எங்கம்மா ரோல்ஸ்?” என்றேன்.

“இல்லை எண்டு சொன்னனானே.”

“எப்ப சொன்னீங்க? ஆமாம்னுதானே சொன்னீங்க?”

“ஓம். இல்லையோ எண்டு கேட்டியள். ஓம், இல்லை எண்டு சொன்னனான்.”

கோப்பையைக் கீழே வைத்தேன். சரியாக வைக்கவில்லை போலிருக்கிறது, மேசை நனைந்திருந்தது.

“இன்னொரு தடவை சொல்லுங்க!”

“என்னத்தை?”

“காவலர் என்ன கேட்டார்? இது உங்களுடையது இல்லையான்னு கேட்டார். நீங்க…”

“ஓம், என்ரை இல்லை எண்டு சொன்னனான்.” அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “நேற்றும் அதைத்தானே சொன்னனான்.”

ஐயோ, அதைத்தான் சொன்னாள்! தமிழில் பிறந்து வளர்ந்த எனக்கே அது கேட்கவில்லை. ‘இல்லையா’ என்று கேட்டால், கேட்டவர் சொன்னது சரி என்றால் ஓம் என்போம், ஆமாம் என்போம். பிரெஞ்சில் அப்படிக் கிடையாது. உன்னுடையது இல்லை என்றால் ‘நோன்’, அதாவது இல்லை, என்றுதான் சொல்ல வேண்டும். வுய் என்றால் அவர்கள் காதுக்கு ‘ஆமாம், என்னுடையதுதான்’. அவள் தமிழில் யோசித்துப் பிரெஞ்சில் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அவர் பிரெஞ்சில் கேட்டு அதை ஒப்புதலாக எழுதியிருக்கிறார். இருவருமே பொய் சொல்லவில்லை. இப்படி ஒரு கோப்புக்காக நான் முப்பது ஆண்டுகள் காத்திருந்தேன். அது ஓய்வு பெற்ற பிறகு ரோல்ஸ் தட்டில் வந்தது.

“அண்ணை, ஜெயிச்சாச்சு!” என்று கையைத் தட்டினேன்.

“ஆர் வெண்டது? றோல்ஸ் இல்லையெண்டதுக்கோ இவ்வளவு சந்தோசம்?” என்றார் அவர்.

அவள் மட்டும் மகிழவில்லை. நான் எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“அப்ப நான் கோர்ட்டிலை போய், எனக்குப் பிரெஞ்சு விளங்கேல்லை எண்டு சொல்லவேணும். அப்பிடித்தானே?”

நான் கணக்கில் எடுக்காத இடம் அது. குடியுரிமைக்கு அவள் பிரெஞ்சுத் தேர்வு எழுதித் தேறியிருந்தாள். கடை மூடிய பிறகு இரண்டு குளிர்காலம் வகுப்புக்குப் போய் வாங்கிய சான்றிதழ் அது. விண்ணப்பத்தில் அதுதான் மிகப் பெரிய தாள். கேள்வி புரியவில்லை என்று ஒரு நீதிமன்றத்தில் சொல்லி, அதை எழுத்தர் எழுதி, அந்தத் தாள் பிரெஃபெக்சூருக்குப் போனால் என்ன ஆகும்? மொழிபெயர்ப்பாளர் கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. அதையும் மறுத்துவிட்டாள்.

“மொழிபெயர்ப்பாளரோடை நிண்ட பொம்பிளைக்கு ஏன் நசியோனாலித்தே எண்டு கேப்பினம். எனக்குப் பிரெஞ்சு தெரியும் அன்ரி.”

“தெரியும். அதான் பிரச்சினையே.”

குப்பை போட்டவளாகவும் இருக்கக் கூடாது, பிரெஞ்சு தெரியாதவளாகவும் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தும்புத்தடி அகலத்துக்குத்தான் வழி இருந்தது. அந்த வழியை நான் கண்டுபிடித்தேன் என்று அப்போது நம்பினேன். வுய், நோன் இரண்டையுமே அவள் வாயிலிருந்து எடுத்துவிடுவது. எந்தக் கேள்விக்கும் முழு வாக்கியமாகப் பதில். அதோடு, என் மொழியில் ‘ஆமாம்’ எப்படி வேலை செய்கிறது என்று மூன்று வாக்கியத்தில், இலக்கணம் சொல்லும் தோரணையில், ஒரு விளக்கம். மொழி தெரியாதவள் மன்னிப்புக் கேட்பாள். இலக்கணம் சொல்பவளை யாரும் மொழி தெரியாதவள் என்று சொல்ல முடியாது.

மூன்று வாரம் பயிற்சி நடந்தது. மதியக் கூட்டம் கலைந்ததும் நான் கல்லாவுக்கு முன்னால் நீதிபதியாக நிற்பேன்.

“நீங்கள் இந்தப் பூசணியை உடைக்கவில்லையா?” என்று பிரெஞ்சில் கேட்பேன்.

“வு…” என்று தொடங்குவாள். நான் மேசையைத் தட்டுவேன். “நான் பூசணியை உடைக்கவில்லை. நான் கூட்டினேன்,” என்று பிரெஞ்சில் முடிப்பாள்.

“‘இல்லையா’ன்னு கேட்கிறப்ப ‘அப்படியில்ல, உண்டு’ன்னு மறுக்க அவங்ககிட்ட தனியா ஒரு சொல் இருக்கு. ‘சீ’ன்னு சொல்லணும்,” என்று ஒரு நாள் சொல்லிக் கொடுத்தேன்.

“என்னது? நீதவானுக்கு முன்னாலை நிண்டு ‘சீ’ எண்டு சொல்லுறதோ? என்னை உள்ளுக்குப் போடவோ பாக்கிறியள்?”

அண்ணை மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். “சொல்லு பிள்ளை. பேந்து ‘போடா’ எண்டும் சேத்துச் சொல்லு. ஒரேயடியா ஊருக்கே அனுப்பிவிடுவாங்கள்.”

‘சீ’யைக் கைவிட்டோம். முழு வாக்கியங்கள் மெல்ல மெல்ல நாக்கில் படிந்தன. ரோல்ஸ் கேட்கும் வாடிக்கையாளர்களுக்கும் முழு வாக்கியத்தில் பதில் சொல்லத் தொடங்கினாள். கைப்பேசிக் கடைக்காரர் இதையெல்லாம் கதவோரம் நின்று பார்ப்பார். உள்ளே வர மாட்டார். அவள் அவரிடம் ஒரு சொல்லும் கடுமையாகப் பேசவில்லை. அதுவே அவரைத் தின்றுகொண்டிருந்தது.

விசாரணை நாள் ஒரு வியாழன், காலை ஒன்பது மணி. அவள் கடையை மூடி, நீலக் கோட் போட்டு, குடியுரிமைக் கோப்பையும் பையில் தூக்கிக்கொண்டு வந்தாள். அது எதற்கு என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தால் தைரியமாம். வழக்கறிஞர் அல்லாத நான் அவளுக்காக வாய் திறக்க முடியாது. பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தேன். முப்பது ஆண்டுகள் மறுபக்கத்தில், உயரமான நாற்காலியில் இருந்து பார்த்த பெஞ்சு அது. இவ்வளவு கடினமானது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எங்களுக்கு முன்னால் சிவப்பு விளக்கைத் தாண்டிய ஸ்கூட்டர்காரர், பூங்காச் சுவரில் சிறுநீர் கழித்த கனவான், நாயின் காரியத்தை அள்ளாமல் போன பெண்மணி. நான் என் ஆங்கில நகரத்தில் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு இருபது வயது குறைந்திருந்தது.

பிறகு அவள் பெயர் கூப்பிட்டார்கள்.

நீதிபதி ஐம்பது வயதுப் பெண்மணி. குரலில் அவசரம் இருந்தது, கடுமை இல்லை. குற்றம் சாட்டும் தரப்பில் ஒரு காவல் அதிகாரி உட்கார்ந்திருந்தார். நீதிபதி அறிக்கையைச் சுருக்கமாக வாசித்துவிட்டுக் கேட்டார்:

“நீங்கள் இந்தப் பூசணியை உடைக்கவில்லையா, அம்மணி?”

“நான் பூசணியை உடைக்கவில்லை. நான் கூட்டினேன். ஒருவர் சறுக்கினார்.”

அடடா! பெஞ்சில் நான் ஓரங்குலம் எழும்பிவிட்டேன்.

“யார் உடைத்தது என்று தெரியுமா?”

“இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் விரும்பவில்லை.” இதுவும் பயிற்சியில் இருந்ததுதான். மௌனம் அவள் உரிமை.

காவல் அதிகாரி எழுந்தார். எல்லாம் சரி, இந்தப் பெண்மணி அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டார், அறிக்கையில் இருக்கிறது, அதற்கு எதிராக ஒரு சாட்சியோ தாளோ இல்லை என்றார். நடைமுறைப்படி அவர் சொன்னது சரி. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

“அப்போது வுய் என்றீர்கள்,” என்றார் நீதிபதி. “ஏன்?”

இப்போது, இப்போது! இலக்கணம்! மூன்று வாக்கியம்! நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் பேசவில்லை. வாய் திறந்தது, மூடியது. கை பையின் மேல், அந்தக் கோப்பின் மேல் போய் நின்றது. மொழி என்ற பேச்சை எடுத்தாலே பிரெஞ்சு தெரியாதவள் ஆகிவிடுவோம் என்ற பயம்தான் என்று பின்னால் சொன்னாள். அந்த நொடியில் எனக்குத் தெரிந்ததெல்லாம், மூன்று வாரப் பயிற்சி நடைபாதையில் விழுந்த பூசணிபோலச் சிதறுகிறது என்பதுதான். முன்னால் உட்கார்ந்திருந்த எழுத்தர் தட்டச்சை நிறுத்திக் காத்திருந்தாள். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் என்னை வெளியே அனுப்புவார்கள். அந்த விதியும் எனக்குத் தெரியும்.

நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். கடைசிச் சொல் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்பது சட்டம். அதைக் கேட்டு முடித்துவிட்டுத் தீர்ப்பு எழுத வேண்டியதுதான்.

“நீங்கள் வேறு எதுவும் சொல்ல விரும்பவில்லையா, அம்மணி?”

“வுய்,” என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். “நல்லது. சொல்லுங்கள், கேட்கிறேன்.”

அவள் குழம்பிப்போய்ப் பார்த்தாள். “நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.”

“இப்போதுதானே வுய் என்றீர்கள்?”

“வுய். எதுவும் சொல்ல விரும்பவில்லை.”

நீதிபதி மெதுவாக அறிக்கையை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, கேள்வியையும் பதிலையும் சத்தமாக வாசித்தார். “இது உங்களுடையது இல்லையா? வுய்.” பிறகு காவல் அதிகாரியைப் பார்த்தார். காவல் அதிகாரி தன் காலணியைப் பார்த்தார்.

“ஒரு கேள்வி மட்டும், அம்மணி,” என்றார் நீதிபதி. அவர் முகத்தில் இப்போது ஏதோ விளையாடியது. “நீங்கள் பிரெஞ்சுக் குடிமகள் இல்லையா?”

“வுய்,” என்றாள். பிறகு கோப்பின் மேல் கையை அழுத்திக்கொண்டு, “இன்னும் இல்லை,” என்றாள்.

எழுத்தர் சிரித்துவிட்டாள். எழுத்தர் சிரிக்கக் கூடாது. முப்பது ஆண்டுகள் நான் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. அன்று பெஞ்சில் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சிரித்தேன்.

நீதிபதி காவல் அதிகாரியிடம், உடைத்ததை யாரும் பார்க்கவில்லை, மிச்சம் இருப்பது ஒரு வுய் மட்டும், அந்த வுய் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்று நம் எல்லோருக்கும் முன்னால் நிரூபணமாகிவிட்டது என்றார். அவர் எதிர்வாதம் செய்யவில்லை. “குற்றத்திலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்,” என்று நீதிபதி அவளிடம் சொன்னார். “உங்கள் பிரெஞ்சு நன்றாக இருக்கிறது. நாங்கள்தான் கேள்வியைத் தலைகீழாகக் கேட்கிறோம்.”

என் முழு வாக்கியங்கள் அவளைக் காப்பாற்றவில்லை. நான் மூன்று வாரம் மேசையைத் தட்டித் தட்டி அழிக்கப் பார்த்த அந்த ஒரு தவறுதான் காப்பாற்றியது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமையாக இல்லை. ஆனால் உண்மை.

வெளியே தாழ்வாரத்தில் கைப்பேசிக் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். கடைசி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்ததை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

“தீர்ப்புப் பிழைச்சிருந்தா நான் எழும்பி, நான்தான் உடைச்சனான் எண்டு சொல்லியிருப்பன் அக்கா,” என்றார். கண் கலங்கியிருந்தது.

“பார்வையாளர் எழுந்து பேச நடைமுறையில இடமே இல்லை,” என்றேன்.

“அதுக்கென்ன அன்ரி? கத்தியிருப்பன்.”

அவள் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். “வா தம்பி, கடையைத் திறக்கவேணும். அண்ணை வாசலிலை பட்டினி கிடப்பார்.”

“இனிமே தெருவுல பூசணி உடைக்க மாட்டீங்க இல்லையா?” என்று நான் அவரிடம் கேட்டேன்.

“ஓம்,” என்றார். மெட்ரோ வரும்வரை அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

தீர்ப்பின் நகலை எந்த ஜன்னலில் வாங்குவது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதை அவள் கோப்பின் மேல் தாளாக வைத்தாள். நேர்முகத்துக்கான கடிதம் வந்தபோது மறுபடியும் கல்லாவுக்கு முன்னால் நின்றேன். அங்கே கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார்கள், அதையும் தலைகீழாகத்தான் கேட்பார்கள்: “நீங்கள் இதுவரை எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்பட்டதில்லையா?” அதற்கு மட்டும் அந்த வுய் வந்துவிடக் கூடாது. நூறு தடவை கேட்டேன். நூறு தடவையும், “நான் ஒருபோதும் தண்டிக்கப்பட்டதில்லை,” என்று முழு வாக்கியத்தில் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அது உண்மையாகவே இருந்தது. அதற்காகத்தானே இத்தனை பாடும்.

நேர்முகம் முடிந்த மறுநாள் ஏழு மணிக்கே கடைக்குப் போய்விட்டேன். அவள் சட்டிக்கு முன்னால் நின்றாள். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“என்னம்மா, அந்தக் கேள்வியைக் கேட்கலையா?”

“ஓம்,” என்றாள்.

இந்தத் தடவை நான் மேசையைத் தட்டவில்லை. கேட்கவில்லை என்று உடனே புரிந்துவிட்டது. “அப்ப என்னதான் கேட்டாங்க?”

“அந்த அதிகாரி மேலை கிடந்த தாளை எடுத்து வாசிச்சவர். பேந்து என்னைப் பாத்தவர். ‘நீத்துப்பூசணி எங்கை வாங்கலாம்?’ எண்டு கேட்டவர். புது வீடு வாங்கியிருக்கிறாராம்.”